யோர்தான் தண்ணீரும் ஒரு சுவரும்

வ. புதுப்பட்டியில் இருந்து எருசலேம் போய் வருகிறவர் பையில் என்ன இருக்கும்? யோர்தான் தண்ணீர், ஒலிவமரச் சிலுவை. 2011-12 முதல் தமிழக அரசு மானியமும் தருகிறது. நல்லது. ஆனால் அந்தச் சிலுவையைச் செதுக்கும் பெத்லகேம் கிறிஸ்தவர்களைப் பற்றி, ஊர் திரும்பி யாராவது பேசுகிறார்களா?

எருசலேமில் இருந்து பெத்லகேம் 10 கிலோமீட்டர்தான். நடுவே, 2002ல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய சுவர். பாலஸ்தீன மண்ணில் அது சட்டவிரோதம் என்று 2004லேயே சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாத்ரீகர் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தாண்டுகிறார். பெத்லகேம்காரரோ அனுமதிச் சீட்டு இல்லாமல் ஈஸ்டருக்குக் கூட கல்லறைக் கோவிலுக்குப் போக முடியாது.

"ஜெபிக்கப் போனோம், அரசியல் எதற்கு?" என்பார்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் போன ஆசாரியனும் இப்படித்தான் நினைத்திருப்பான்! அவன் போனதும் எருசலேம்-எரிகோ சாலையில்தான்.