சட்டமும் நீதியும்

சட்டம் விதித்ததே நீதியென்பார் உளர். அவர் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குக. கைரேகைச் சட்டமென மக்கள் வழங்கிய 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம், அங்கு வாழ்ந்த பிறமலைக் கள்ளரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கிற்று. களவறியாதாரும் இரவிற் காவல் நிலையத்திற் கிடந்தனர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920இல் அதனை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கிற்று.

நேற்று நீதியாயிருந்தது ஒரே நாளில் அநீதியாயிற்றோ? அன்று, அநீதி என்றும் அநீதியே.

இனி, பிறப்பு வினைப்பயனாதலின் அத்தண்டம் தகுமென்பாரும் உளர். அது சித்தாந்தம் அறியார் கூற்று. வினை செய்த உயிரையே சாரும்; அதன் பயனை ஊட்டுவான் இறைவன், காவலரல்லர். அவன் உடம்பைத் தந்தது மலம் நீங்குதற்பொருட்டு. அவ்வுடம்பையே குற்றமாகக் கொள்ளுதல் திருவருளைப் பழித்தலாம்.

சட்டத்தை அளக்குங் கோல் அறம். அறத்தை அளக்குங் கோல் சட்டமன்று.