பொரித்த எண்ணெயும் பொறியின் எரிநெய்யும்

1900-ஆம் ஆண்டு பாரிசு மாநகர்ப் பொருட்காட்சியில் தீசல் பொறியொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. அன்று அது வியப்பு. இன்று அதுவே சிக்கல். 2030-க்குள் தீசலில் 5 விழுக்காடு உயிரி எரிநெய் கலத்தல் வேண்டுமென இந்திய நடுவணரசின் 2018-ஆம் ஆண்டுக் கொள்கை இலக்கு வகுத்தது. உண்ணும் எண்ணெயில் பாதிக்குமேல் வெளிநாட்டினின்று இறக்கும் நாடு அதனை வண்டிக்கு வார்ப்பது அறிவுடைமையாமோ? வண்டிக்கு உரியது, பொரித்துக் கழிந்த எண்ணெயே. அக்கொள்கையும் அதனை மூலப்பொருளாக ஏற்றுள்ளது.

ஆயின் இங்கொரு முட்டுக்கட்டை. எண்ணெயோடு மெத்தனால் என்னும் மரச்சாராயத்தைச் சேர்த்துக் காரத்தால் வினைப்படுத்துவதே பெருவழக்கான முறை. புத்தெண்ணெய்க்கு அது பொருந்தும். பலகால் காய்ந்த எண்ணெயிலோ கொழுப்புக் காடிகள் பிரிந்து கிடக்கும். அவை காரத்தோடு கூடித் துணி வெளுக்கும் வழலையாகிவிடும், எரிநெய் குறையும், கழுவிய நீரும் கழிவாய்ப் பெருகும்.

இவ்விடத்தேதான் நொதி உதவுகின்றது. (அரைத்த மா இரவில் பொங்குதலை அறிந்தார்க்கு இச்சொல் விளக்கம் வேண்டா.) கொழுப்பைப் பிரிக்கும் நொதி, பிரிந்து கிடக்கும் காடியையும் எரிநெய்யாகவே மாற்றும்; வழலை தோன்றாது; இளஞ்சூடே போதும். நொதியை நுண்ணிய பிசின்மணிகளில் பிணைத்து நிறுத்திவிட்டால், வினை முடிந்தபின் வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

நொதி விலைமிக்கது என்பர். மெய்யே, ஆனால் அவ்விலையை ஒருமுறைப் பயனுக்கு மட்டும் கணக்கிடுவது, ஏரின் விலையை ஒரு சாலுக்குக் கணக்கிடுவது போலாம். எத்துணை முறை பயன்படும் என்பதே கேள்வி. மெத்தனாலை ஒருங்கே கொட்டினால் நொதி செயலிழக்கும். 1999-இல் சப்பானிய அறிஞர் சிமாதா குழுவினர் அதனை மூன்று பகுதியாகச் சிறிது சிறிதாய்ச் சேர்த்தனர். அந்நொதி 50 முறை பயன்பட்ட பின்னும் எண்ணெயில் 95 விழுக்காட்டிற்கு மேல் எரிநெய்யாயிற்று. அவர்கள் கையாண்டது புத்தெண்ணெய்; கழிவெண்ணெய்க்கு அதன் அழுக்கையும் நீரையும் முன்னரே நீக்கல் வேண்டும். வினையில் பிரியும் கிளிசரின் மணிகளின்மேல் படிந்து தடுப்பதும் உண்டு. இவை கடக்கத்தக்க இடர்களே.

கடத்தற்கரியது வேறு. காய்ச்சக் காய்ச்சப் பெருகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மிஞ்சிய எண்ணெயில் சமைத்தலாகாதென்னும் விதி 2018 சூலை முதல் நடப்பிலுள்ளது. விதியிருந்தும், பெருங்கடைகளில் கழிந்த எண்ணெய் மலிவு விலையில் சாலையோரச் சட்டிகளுக்கு மீள்வது நின்றபாடில்லை. எரிநெய் ஆலை அச்சட்டிக்காரரினும் ஒரு காசு கூடுதலாய்க் கொடுத்து, கடைவாயிலுக்கே வந்து எடுத்துச் செல்லல் வேண்டும். அரசின் உதவிப்பணம் முதற்கண் செல்லவேண்டிய இடம் அதுவே.