மூளையில் கால்சியம் கதவைக் காக்கும் ப்ரியான்: குறைத்தால் நல்லதா, ஆபத்தா?

'ப்ரியான்' என்றதும் 1990களில் பிரிட்டனை உலுக்கிய 'மேட் கவ்' நோய் உங்களுக்கு ஞாபகம் வரலாம். ஆனால், இதைப் படிக்கிற உங்கள் மூளையிலும் ப்ரியான் புரதம் இருக்கு. பயப்படாதீங்க. அது இருப்பது நோயல்ல. அதன் மடிப்பு தவறி, பக்கத்திலுள்ள புரதங்களையும் தன்னைப் போல மாற்றத் தொடங்குவதுதான் நோய்.

சரி, கால்சியம் எங்கே வருது?

நியூரானுக்கு கால்சியம் ஒரு சிக்னல். செல்லுக்கு வெளியே அது உள்ளே இருப்பதைவிட சுமார் 10,000 மடங்கு அதிகம். அதனால் கதவு கணநேரம் திறந்தாலே உள்ளே பாயும். நீங்கள் கற்பதும் நினைவில் வைப்பதும் இந்தப் பாய்ச்சலால்தான். கதவு மூடாமலே கிடந்தால்? மைட்டோகாண்ட்ரியா சேதமாகும், செல் செத்துப்போகும்.

அப்படியொரு முக்கியக் கதவுதான் என்எம்டிஏ ரிசெப்டர். இயல்பான ப்ரியான் புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று இந்தக் கதவை அடக்கி வைக்கிறது. ப்ரியான் இல்லாத எலிகளின் நியூரான்களில் இந்த ரிசெப்டர் அளவுக்கு மீறி இயங்குவதை, கனடாவின் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

காவலாளியே கைவிட்டால்?

அல்சைமரில் சேரும் அமிலாய்டு பீட்டா புரதத் திரள்கள் இதே ப்ரியானில் வந்து ஒட்டுவதை 2009இல் யேல் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. அதன் வழியாக கால்சியம் சமநிலை குலைகிறது என்பது ஒரு விளக்கம். எல்லா ஆய்வகங்களும் இதில் ஒத்துப்போகவில்லை.

இது ஏன் இப்போ முக்கியம்?

ப்ரியான் நோய்களுக்கு இன்றுவரை குணமளிக்கும் மருந்து இல்லை. தாயை இந்த நோய்க்குப் பறிகொடுத்த சோனியா வல்லப், அதே மரபணு மாற்றம் தனக்கும் இருப்பதை அறிந்ததும் சட்டத் தொழிலை விட்டு விஞ்ஞானியானார். அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட்டில் அவரும் கணவர் எரிக் மினிகெலும் நம்பும் வழி எளிது: மூலப்பொருளான இயல்பான புரதத்தையே குறைத்துவிட்டால், நோய் பரவ எதுவும் மிஞ்சாது. அந்தப் புரதம் அறவே இல்லாத எலிகளை நோய் தாக்கவில்லை என்பது 1993லேயே தெரிந்தது. புரத உற்பத்தியைக் குறைக்கும் ஐயான்717 என்ற மருந்து மனிதர்களிடம் தொடக்கநிலைப் பரிசோதனைக்கும் வந்துவிட்டது.

உங்களுக்கு இப்போ ஒரு கேள்வி எழும்: காவலாளியை வீட்டுக்கு அனுப்பினால் கதவு என்னாகும்?

நியாயமான கேள்விதான். ப்ரியான் இல்லாத எலிகள் பெரும்பாலும் இயல்பாகவே வாழ்கின்றன, ஆனால் வயதானதும் நரம்புகளின் மேலுறை சிதைகிறது. மனிதர்களிலோ, இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று செயல்படாதவர்கள் ஆரோக்கியமாக இருப்பது பதிவாகியிருக்கு. ஆக, முழுதாக நீக்குவதும் பாதியாகக் குறைப்பதும் ஒன்றல்ல. இனி பரிசோதனை முடிவுகள் வரும்போது 'மருந்து வேலை செய்யுதா?' என்பதோடு, 'எவ்வளவு குறைத்தார்கள்?' என்பதையும் சேர்த்தே கேளுங்க.