குடவோலையில் நிற்கலாம், பஸ் படி ஏற முடியலை!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919-ல் குடவோலைக்கு வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷம்தான், 921-ல் விதியைத் திருத்தினார்கள். 35க்கு மேல், 70க்குக் கீழ்! நிலம், வீடு, வேதப் படிப்பு என்று ஆயிரம் நிபந்தனை போட்டார்கள், அது வேறு கதை. ஆனால் 65 வயசுக்காரர் ஏரி வாரியத்தில் உட்காரலாம்.

இன்றைக்கு அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். காஞ்சிபுரம் பஸ் வருகிறது. முதல் படியே முழங்கால் உயரம். 65 வயசுப் பெரியவர் கம்பியைப் பிடித்துத் தம் கட்டுகிறார். "சீக்கிரம் ஏறுய்யா! இந்த வயசுல வீட்ல கெடக்கக் கூடாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கெடக்கக் கூடாது சார்! அதுதான் விஷயமே. தசை கரைவது முப்பதுகளிலேயே ஆரம்பம்; அறுபதுக்கு மேல் வேகம் கூடும். ஒரு வாரம் கட்டிலில் படுத்தாலே தொடை இளைத்துவிடும். நாற்காலியில் கை ஊன்றாமல் தினம் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் காலில் பலம் நிற்கும். முடியாதவர் ஊன்றிக்கொண்டே ஆரம்பிக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லை. மற்றதுக்கு மட்டும் ஏன்? வயசானால் தாகம் மந்தமாகும். உடம்பு தண்ணீர் கேட்கும், நாக்கு கேட்காது. சித்திரை வெயிலில் களத்துமேட்டுக்குப் போகிறவர் தாகம் இல்லாவிட்டாலும் குடிக்கணும். படுக்கையை விட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழணும். கொல்லைக்குப் போகிற வழியில் ஒரு லைட், கக்கூஸ் சுவரில் பிடித்து எழ ஓர் இரும்புக் குழாய். பேரன் செல்போன் ரீசார்ஜ் காசு இரண்டு மாசம் மிச்சம் பிடித்தால் வேலை முடிந்தது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமில்லை, பிசியோதெரபியும் உண்டு. வாசலுக்கு வருகிறவரிடம் அதையும் கேட்டு வாங்கணும்.

சென்னையில் 2024-ல் தாழ்தள பஸ் விட்டார்கள். அதுமாதிரி நாலு பஸ் நம்ம ரூட்டுக்கும் வரட்டும். அதுவரைக்கும், டிரைவர் அண்ணே, வண்டியை மேட்டோரமாக ஒட்டி நிறுத்தலாமே. கண்டக்டர் அண்ணே, அந்த விசிலைக் கொஞ்சம் பொறுத்து ஊதலாமே. பெரியவரின் இரண்டாவது கால் இன்னும் தரையிலேதான் இருக்கு!