சுங்கானில் பற்றிய தீ

கதையைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போகும் ஒருவரைப் பின்னாலிருந்து பிடித்திழுத்து, "அந்தத் தீ எப்படிப் பற்றியது என்று சொல்லிவிட்டுப் போ" எனக் கேட்பது முறையாகுமா? கேட்கப்படுபவர் மண்ணுக்குள் உறங்குபவராக இருந்தால்? ராபர்ட் ஜோர்டனின் வாசகருள் ஒரு சாரார் 2013ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை இதைத்தான் செய்து வருகின்றனர். அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

நம் அன்பர்களுள் பலர் இந்நூல்களைப் படித்திருக்கமாட்டார்கள். ஆகவே செய்தியைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிட வேண்டும். 'தி வீல் ஆஃப் டைம்', அதாவது காலச்சக்கரம் என்னும் ஆங்கில மாயக் காவியத் தொடரின் முதல் நூல் 1990இல் வெளிவந்தது. எழுதியவர் அமெரிக்கர், ஜோர்டன் என்பது அவருடைய புனைபெயர். இயற்பியல் கற்றவர், அமெரிக்கக் கடற்படையில் அணுப் பொறியாளராகப் பணியாற்றியவர், வியத்நாம் போருக்கு இருமுறை சென்று வந்தவர். சுங்கான் சேர்ப்பதில் விருப்பம் கொண்டவர் என்பதையும் இங்கே குறித்து வைப்போம். தொடரின் இறுதிக் காட்சி தொடக்கத்திலிருந்தே தம் உள்ளத்தில் இருப்பதாகப் பலமுறை கூறிவந்த அவர், கதை முடியுமுன் 2007 செப்டம்பரில் இதய நோயால் மறைந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரிடம் எஞ்சிய பணியை ஒப்படைத்தார். ஒரே நூலாக முடியவேண்டியது மூன்றாக விரிந்து, பதினான்காம் நூலான 'எ மெமரி ஆஃப் லைட்' 2013இல் வெளிவந்தது. அதன் கடைசிப் பக்கங்களை மட்டும் ஜோர்டன் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுச் சென்றிருந்தார்.

அந்தக் கடைசிப் பக்கங்களில் நிகழ்வது இதுதான். நாயகன் ராண்ட் இருளின் தலைவனோடு போரிட்டு அவனை மீண்டும் சிறைப்படுத்திவிட்டான். போரின் முடிவில் அவனுடைய உயிர், எதிரியான மோரிதினின் உடலுக்குள் சென்றுவிடுகிறது. ராண்டின் பழைய உடல் சிதையில் எரிகிறது. உலகம் அவன் இறந்தான் என்றே நம்புகிறது. மலைகளைப் பிளக்கவும் படைகளை எரிக்கவும் அவனுக்குத் துணைநின்ற ஆற்றல் அவனை விட்டு நீங்கிவிட்டது. யாரும் அறியாமல் அவன் குதிரையேறிப் புறப்படுகிறான். கையில் ஒரு சுங்கான். அதைப் பற்றவைக்க ஒன்றும் இல்லை. அது பற்றி எரிவதாக நினைக்கிறான். பற்றிக்கொள்கிறது. சில வரிகளில் தொடரே முடிந்துவிடுகிறது.

எப்படிப் பற்றியது? நூலில் விடை இல்லை.

கேட்பவர்களை நாம் அறிவிலிகள் என்று சொல்லவரவில்லை. கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டியவரே ஜோர்டன்தான். அவருடைய உலகில் மாய ஆற்றலுக்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. ஆண்களுக்கு ஒரு பாதி, பெண்களுக்கு ஒரு பாதி; மண், காற்று, நெருப்பு, நீர், ஆவி என்னும் ஐந்து இழைகளைத் தறியில் நெய்வதுபோல் நெய்தால்தான் எதுவும் நடக்கும். ஆண்களுக்குரிய பாதி கறைபட்டது என்றால் ஏன் கறைபட்டது என்று சொல்வார். 2000இல் வந்த ஒன்பதாம் நூலில் அந்தக் கறை கழுவப்படும்போது எவ்வாறு கழுவப்பட்டது என்றும் சொல்வார். ஆற்றலை இழந்தவர்க்கு அது திரும்பாது என்று ஐந்து நூல்கள் சாதித்தன. 1994இல் வந்த ஆறாம் நூலில் நைனீவ் என்னும் இளம்பெண் அதையும் குணப்படுத்துகிறாள், அதற்கும் வழிமுறை தரப்படுகிறது. இப்படிப் பல்லாயிரம் பக்கங்கள் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், கடைசிப் பக்கத்தில் மட்டும் கணக்கேட்டை மூடிவிட்டால் மாணவன் கையை உயர்த்தத்தான் செய்வான். "எல்லாமே கற்பனைதானே, இதில் என்ன கேள்வி?" என்று அவனை அடக்குவோர் கூட்டத்தில் நாம் இல்லை. அந்தப் பதில் வாசகனையும் இழிவுபடுத்துகிறது, கதையையும் இழிவுபடுத்துகிறது.

நம் வழக்கு வேறு. இந்தத் தீயை ஏமாற்று வேலை என்று குற்றம் சாட்டுகிறார்களே, அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்கிறோம். சாட்சியாக வேறு யாரையும் அழைக்க வேண்டாம். தொடரை முடித்துக் கொடுத்த சாண்டர்சனையே அழைப்போம். ஜோர்டன் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007இல், அவர் எழுதிய கட்டுரை ஒன்று மாயக்கதை எழுதுவோரிடையே பெரிதும் பேசப்படுவது. வாசகன் ஒரு மாயத்தை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறானோ, அந்த அளவுக்கே ஆசிரியர் அதைக்கொண்டு கதைச் சிக்கலை மனநிறைவு தரும்படி தீர்க்க முடியும் என்பது அதன் சாரம். விளக்கப்படாத மாயத்தால் நாயகனைக் காப்பாற்றாதே என்பதே பொருள். இவ்விதியை வகுத்தவர் கையிலேயே விளக்கப்படாத தீயொன்றைக் கொடுத்துவிட்டுப் போனது காலத்தின் குறும்பு எனலாம்.

ஆயினும் விதி மீறப்பட்டதா? அந்தச் சுங்கான் பற்றியதால் எந்தச் சிக்கல் தீர்ந்தது? போர் முடிந்துவிட்டது. பகைவன் அடைபட்டுவிட்டான். இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள். தீப்பெட்டி இல்லாத ஒருவன் புகைபிடிக்கிறான், அவ்வளவே. இதே ஆற்றலால் ராண்ட் போரில் வென்றிருந்தால் நாமும் எதிர்த்தரப்போடு சேர்ந்து கூச்சலிட்டிருப்போம். உண்மையில், விளக்கம் கேட்கவேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. உயிர்கள் உடல் மாறியது எவ்வாறு? 1996இல் வந்த ஏழாம் நூலில் அவ்விருவரும் ஏவிய அழிவுக் கதிர்கள் ஒன்றையொன்று தொட்டதால் ஒரு பிணைப்பு உண்டாயிற்று என்று குறிப்புகள் உண்டு. அந்தப் பிணைப்பு ஏன் உடல் மாற்றத்தில் முடியவேண்டும் என்பது தெளிவாக இல்லை. முன்பே இடக்கையை இழந்திருந்த ராண்டுக்கு இரண்டு கைகளும் ஊறில்லாத உடலும் கிடைத்துவிடுகின்றன. இது கதையின் முடிவையே தாங்கும் தூண். தூணைத் தட்டிப் பார்க்காமல் திண்ணையில் கிடக்கும் சுங்கானைச் சுற்றிக் கூட்டம் கூடுவது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி அவர்கள் தரும் விளக்கங்களுக்கு வருவோம். இருளின் தலைவனிடமிருந்து பிறக்கும் வேறோர் ஆற்றல் அவனிடம் எஞ்சியிருக்கிறது என்பர் சிலர். அந்தத் தலைவனோ முற்றாக அடைக்கப்பட்டுவிட்டான். ராண்ட் உண்மையில் இறந்துவிட்டான், நினைத்தது நடக்கும் கனவுலகில் உலவுகிறான் என்பர் சிலர். அப்படியானால் அந்த முடிவில் என்ன விடுதலை இருக்கிறது? அவனே படைத்தவன் ஆகிவிட்டான் என்பாரும் உண்டு. இவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதின் பேச்சுக்குத் தாங்கும், அதற்குமேல் தாங்கா.

ஒரு விளக்கம் மட்டும் நின்று பேசத் தக்கது. இறுதிப் போரில் ராண்ட் காலத்தின் நெசவுக்கு வெளியே நின்று, இருளின் தலைவனுக்கு எதிரே, நிகழக்கூடிய உலகங்களை இழைகளால் நெய்து காட்டுகிறான். தீமையே இல்லாத உலகம் ஒன்றையும் நெய்கிறான். அதில் வாழும் மனிதர்கள் உள்ளீடற்ற பொம்மைகளாக நிற்பதைக் கண்டு நடுங்கி, பகைவனைக் கொல்லும் எண்ணத்தைக் கைவிடுகிறான். அவ்வாறு நெசவையே தொட்டுவந்தவனுக்கு, வெளியே வந்தபின்பும் நெசவு சிறிது செவிசாய்க்கிறது என்பது இவ்விளக்கம். அழகானதுதான். நூலின் போக்கோடு ஒத்தும் போகிறது.

ஆனால் இதை விதியாக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நினைத்தால் உலகம் மாறும் என்பது ராண்டின் நிலையான ஆற்றல் என்றால், போர்க்களத்தில் மாண்ட எக்வீனை அவன் ஏன் எழுப்பவில்லை? ஒரே ஊரில் உடன் வளர்ந்தவள் அவள். ஒரு காலத்தில் அவனுக்கு மணமகளாகவேண்டியவள் என்று ஊரே எண்ணியிருந்தவள். காயம்பட்டுக் கிடக்கும் ஆயிரம் ஆயிரம் வீரர்களை விட்டுவிட்டு அவன் குதிரையேறிப் போனது எவ்வளவு பெரிய குற்றம்! விளக்கத்தைக் கறாராக்கக் கறாராக்க, ஒரு நல்ல மனிதன் கல்நெஞ்சன் ஆகிறான். அடுத்து அவனைக் காக்க அந்த ஆற்றலுக்கு எல்லைகள் வகுக்கவேண்டும்: இவ்வளவு பெரிய பொருள்தான், உயிருள்ளவை கூடா, ஒரு நாளுக்கு ஒரு முறைதான். இப்படி ஒரு சட்டப் புத்தகம் எழுதி முடிப்பதற்குள் சுங்கான் அணைந்து போயிருக்கும்.

அவன் கல்நெஞ்சன் ஆகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், எப்படிப் பற்றியது என்பது அவனுக்கும் தெரியாது என்பதுதான். அவன் அறிந்த அதே நொடியில்தான் நாமும் அறிகிறோம். அதுவரை மீட்பன் என்றும் அழிப்பவன் என்றும் முன்னுரைகளால் துரத்தப்பட்டவன், இன்னது செய்வான் என எழுதி வைக்கப்பட்டவன், முதன்முறையாகத் தன்னைப்பற்றி யாரும் சொல்லி வைக்காத ஒன்றைக் காண்கிறான். அந்தப் புதுமையைத்தான் விளக்கம் கேட்போர் அவனிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் கபிரியேல் மர்செல் (1889–1973) சிக்கல் வேறு, மறைபொருள் வேறு என்று பிரித்துக் காட்டியதை அன்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம். சிக்கல் நம் எதிரே கிடப்பது. சுற்றிவந்து, அவிழ்த்து, தீர்த்து ஓரமாக வைத்துவிடலாம். மறைபொருளிலோ நாமே உள்ளே நிற்கிறோம். ஒரு சுங்கானைப் பீடத்தில் ஏற்றிவைக்கும் எண்ணம் நமக்கில்லை. மூன்று பெண்களின் காதலை ஒருங்கே பெற்ற நாயகனை எவருக்கும் முன்மாதிரியாகக் காட்டும் எண்ணமும் இல்லை. இருந்தாலும் இந்தப் பாகுபாடு இங்கே உதவுகிறது. உடல் மாற்றம் சிக்கல். அதற்கு விடை கேட்கலாம், குறையென்றும் சொல்லலாம். எழுதுகிறவர்களின் சோம்பலுக்கெல்லாம் மறைபொருள் என்று பெயர்சூட்டித் தப்பவிடக் கூடாது. தீ அப்படிப்பட்டதன்று. இயற்பியல் படித்த ஒருவர், இழையெண்ணிக் கணக்கு வைத்த ஒருவர், தம் முடிவு நெருங்குவது தெரிந்து எழுதிவைத்த பக்கம் அது. விளக்கத் தெரியாமல் விட்டார் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இத்தொடர் 2021இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மூன்று பருவங்களுக்குப் பின் 2025இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. கதை பாதியைக்கூட எட்டவில்லை. ரசிகர்கள் பெரிதும் வருந்தினர். நாமும் வருந்தினோம், ஒன்றைத் தவிர. கடைசிக் காட்சிவரை எடுத்திருந்தால், அந்தச் சுங்கானைச் சுற்றியும் ஒளியிழைகள் சுழல்வதாக யாரேனும் காட்டியிருப்பார்கள்.