பனி வருமுன் வீடு பேணல்

மாரி வருமுன் கூரை வேய்தலும் வேலி அடைத்தலும் யாழ்ப்பாணத்து மக்கள் வழிவழியாக அறிந்த வழக்கங்கள். முதல் மழை விழுந்த பின்னர்க் கிடுகு தேடி ஓடுபவனைக் கண்டு அயலார் நகைப்பர். நம்மவர் பலர் இன்று குடியிருக்கும் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் இத்தகைய முன்னாயத்தம் உண்டு. ஆயின் அங்கே வீட்டைக் காப்பது மழையிலிருந்தன்று, உறைபனியிலிருந்து. சனவரி மாதத்து இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு.

குளிரே வீட்டைக் கெடுக்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையிற் கெடுப்பது நீர். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன. நீரோ நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பருக்கின்றது. குழாயினுள்ளே பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய வாய்க்கும் இடையில் அகப்பட்ட நீர் நெருக்குண்டு செம்புக் குழாயையும் பிளந்துவிடும். ஆதலின் அந்நாட்டு ஆயத்தங்களிற் பெரும்பாலானவை நீரைத் தங்கவிடாமை என்னும் ஒன்றிலே அடங்கும்.

முதலாவது, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வெளிக்குழாய். இறப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, வீட்டினுள்ளேயுள்ள அடைப்பை மூடி, வெளிவாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடல் வேண்டும். இதனைச் செய்யாதார் தம் பிழையை அறிவது பெரும்பாலும் வசந்த காலத்திலேயே. குழாயைத் திறந்ததும் நீர் தோட்டத்துக்குச் செல்லாது நிலவறையிற் பாயும்.

இரண்டாவது, தாவாரத்துப் பீலி. மேப்பிள் மரங்கள் இலையுதிர்த்து முடிந்ததும் பீலியைத் துப்புரவாக்கி, இறங்கு குழாய் நீரை அத்திவாரத்துக்கு அப்பாற் கொண்டுசெல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வீட்டினுள்ளிருந்து மேலே கசியும் வெப்பம் கூரைப் பனியை அடியிலிருந்து உருக்கும். அந்நீர் குளிர்ந்த தாவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணைபோலாகும். பின்வரும் நீர் அவ்வணையிலே தேங்கிக் கூரைத் தகடுகளின் கீழே புகும். கூரையடியில் வெப்பங்காக்கும் பஞ்சு போதிய அளவு பரப்பியிருந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

மூன்றாவது, படிகளிலும் சுவரிலும் உள்ள வெடிப்புகள். சிறு வெடிப்பினுட் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் அதனை அகலமாக்கும். கோடையிலே ஒரு கைப்பிடிச் சீமெந்து போதும். பிந்தினால் படியையே பெயர்த்துக் கட்ட நேரிடும்.

இவையெல்லாம் பொருட்சேதம். உயிர்ச்சேதம் விளைக்கவல்லது வேறொன்றுண்டு. வீட்டைச் சூடாக்கும் வாயு உலையின் புகைக்குழாய் பல வீடுகளில் வெளிச்சுவரிலே தாழ்வாக அமைந்திருக்கும். பனி குவிந்து அதனை அடைத்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வீட்டினுள்ளே பரவக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவின் பின்னரும் அக்குழாய் வாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுதல் இன்றியமையாதது. ஒன்ராறியோ மாகாணத்தில் எரிபொருள் உலையுள்ள வீடுகளில், துயிலறைகளின் அருகே இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருத்தல் வேண்டுமென்பது 2014 ஆம் ஆண்டு தொடக்கம் சட்டமாகும்.

நம் மாணவர் பலர் அங்குச் சென்றதும் நிலவறை அறையொன்றிலே வாடகைக்குத் தங்குகின்றனர். வெளிக்குழாயின் அடைப்பு பெரும்பாலும் அந்நிலவறையிலேதான் இருக்கும். வாடகைக்காரர் பார்ப்பார் என்று வீட்டுக்காரரும், வீட்டுக்காரர் பார்ப்பார் என்று வாடகைக்காரரும் இருந்துவிட்டால், பனி எவருக்காகவும் காத்திராது.

'சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்தாயா' என்று பிள்ளைகளைத் தொலைபேசியிலே கேட்கும் நம் தாய்மார், கார்த்திகை பிறக்குமுன் 'வெளிக்குழாயை மூடினாயா, புகைக்குழாயைப் பார்த்தாயா' என்றும் ஒரு சொற் கேட்பாராக. பனியைக் கண்டறியாதவராயினும், மாரிக்கு முன்னே கூரை பார்த்துப் பழகிய அவர்களுக்கு அதனைக் கேட்கும் தகுதி நிறைய உண்டு.