எந்த ‘கட்’ அசல்?

2017 நவம்பரில் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்பது சூப்பர்மேனின் மேலுதடுதான். சில காட்சிகளை மறுபடியும் எடுக்கக் கூப்பிட்டபோது, ஹென்றி கேவில் ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். மீசையை எடுக்கக் கூடாது என்று அந்தப் படக் கம்பெனி சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரில் மீசையை அழித்தார்கள். உதடு, மாவில் பிடித்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. ரசிகர்கள் இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால், மறுபடியும் படம் பிடிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் மகள் 2017 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வேலைக்குப் போய்ப் பார்த்தார் ஸ்னைடர். முடியவில்லை. மே மாதம் விலகிக்கொண்டார். மீதியை முடித்தவர் ‘அவெஞ்சர்ஸ்’ இயக்கிய ஜாஸ் வேடன். சரியாக இரண்டு மணி நேரம் ஓடும் படமாக அது தியேட்டருக்கு வந்தது. அரை வெந்த சோறுபோல இருந்தது. ஒரு காட்சி இருட்டு, அடுத்த காட்சி ஜோக்கு.

அப்போது ஆரம்பித்தது ‘ஸ்னைடர் கட்டை வெளியிடு’ என்ற கோஷம். அப்படி ஒரு பிரதியே கிடையாது, எல்லாம் ரசிகர்களின் கற்பனை என்று நக்கலடித்தவர்கள் நிறைய. 2019 நவம்பரில், படம் வந்த இரண்டாம் ஆண்டு நாளில், பென் அஃப்லெக், கேல் கேடட் இருவருமே அந்தக் கோஷத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். அடுத்த மே மாதம் வார்னர் நிறுவனம் சரி என்றது. 2021 மார்ச் 18 அன்று 242 நிமிடப் படம் வந்தது. இந்தியாவில் இருந்தவர்களும் அன்றைக்கே வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரப் படம் நான்கு மணி நேரமாக வளர்ந்திருந்தது!

இந்த ரசிகர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் அமெரிக்க அமைப்புக்கு, ஸ்னைடரின் மகள் நினைவாக 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். வார்னர் நிறுவனத்தில் இருந்தவர்களையும் விமர்சகர்களையும் விரட்டி விரட்டித் திட்டியவர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். போதாததற்கு, இந்தக் கோஷத்தைப் பரப்பிய கணக்குகளில் குறைந்தது 13 சதவிகிதம் போலி என்று நிறுவனமே எடுத்த ஆய்வு சொன்னதாக, 2022-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை எழுதியது. உண்டியல் குலுக்கியவரையும் வசைபாடியவரையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இங்கே சிக்கல்.

புதிய படத்தில் எது கூடியது என்று கேட்டால், சண்டை என்பார்கள் பலர். உண்மையில் கூடியது சைபார்க். 2017 படத்தில் அவன் ஓரத்தில் நிற்கும் இரும்பு மனிதன், அவ்வளவே. 2021 படத்தில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அவனுடைய ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்க்க வராத அப்பா, விபத்தில் இறந்துபோகும் அம்மா, பிழைக்க வைத்ததற்காக அப்பாவையே வெறுக்கும் மகன். முதல் படத்தில் உயிரோடு தப்பிக்கும் அந்த அப்பா, இதில் மகன் கண்முன்னே உயிரை விடுகிறார். கடைசியில் அவர் பேசிப் பதிவு செய்து வைத்த குரலை மகன் கேட்கிறான். மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் முடித்து வைத்த படம் இது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சி தாங்காது. இறுதியில் படம் அந்த மகளுக்கே காணிக்கை ஆகிறது. நான்கு மணி நேரம் அதிகம்தான். மெதுவாக நகரும் காட்சிகளைக் கொஞ்சம் ஓட்டிவிட்டிருந்தாலே அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால், வெட்டியபோது போனது வெறும் நீளம் இல்லை, ஒரு மனிதனின் கதை என்பது தெரிந்துவிட்டது.

இதற்கு முன்னோடியும் உண்டு. ‘சூப்பர்மேன் 2’ படத்தைப் பெரும்பகுதி எடுத்த பிறகு ரிச்சர்ட் டோனரை நீக்கிவிட்டு, ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். டோனரின் பிரதி 2006-ல்தான் வந்தது. அவர் எடுக்காமல் விட்ட ஒரு முக்கியமான காட்சிக்கு, நடிகர் தேர்வுக்காக முன்பு எடுத்து வைத்திருந்த துண்டுப் படத்தையே பயன்படுத்தினார்கள். கிறிஸ்டோபர் ரீவின் உடல்வாகு ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, உதட்டுக்குத்தான் சிரிப்பு.

இனி ரசிகர்களின் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம்: “காமிக்ஸில் அப்படி இல்லையே!”

‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தில் பேட்மேன் ஆட்களைக் கொல்கிறார் என்று இன்றும் சண்டை ஓயவில்லை. பேட்மேன் கொல்ல மாட்டார் என்பது மூலக்கதையின் விதியாம். 1939-ல் வந்த பேட்மேன் துப்பாக்கி வைத்திருந்தார். 1940-ல் வந்த முதல் ‘பேட்மேன்’ இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அதன் பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி துப்பாக்கியும் வேண்டாம், கொலையும் வேண்டாம் என்றார். 1938-ல் பிறந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவுவார். சைபார்க்கோ 1960-ல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீகில் இல்லவே இல்லை. அவன் படைக்கப்பட்டதே 1980-ல். 2011-ல் கதையைத் திரும்ப ஆரம்பித்தபோதுதான் அவனை முதல் ஆட்களில் ஒருவனாக்கினார்கள். ஆக, ‘மூலம்’ என்று யார் எதைக் காட்டினாலும் எந்த வருடத்து மூலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மூலத்தை ஒருமுறை ரசிகர்களே எழுதியதும் நடந்தது. 1988-ல் பேட்மேனின் சீடன் ராபினாக இருந்த ஜேசன் டாட், ஜோக்கர் வைத்த குண்டில் சிக்கிக்கொள்வதோடு ஓர் இதழ் முடிந்தது. பின்னால் இரண்டு போன் நம்பர். பிழைக்க வேண்டும் என்றால் ஒன்று, சாக வேண்டும் என்றால் இன்னொன்று. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர். பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271 பேர். வெறும் 72 ஓட்டில் பையன் செத்தான். யாரோ ஒருவர் கம்ப்யூட்டரை வைத்துத் திரும்பத் திரும்ப ஒரே நம்பருக்கு போன் போட வைத்ததாகக் கேள்விப்பட்டேன் என்று ஆசிரியர் டென்னிஸ் ஓ’நீல் பிற்பாடு சொன்னார். போலிக் கணக்குகள் நேற்று முளைத்தவை அல்ல! ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜோக்கரின் கிறுக்கலோடு தொங்கும் ராபின் உடை, அந்த மரணத்தின் நிழல்தான்.

ஓவியர் ஜிம் அபாரோ முன்ஜாக்கிரதையாக ராபின் பிழைக்கும் பக்கத்தையும் வரைந்து வைத்திருந்தார். ஓட்டில் தோற்ற அந்த முடிவை, 35 வருடம் கழித்து 2023 டிசம்பரில் தனி இதழாகவே அச்சடித்து விற்றது டிசி நிறுவனம். அதற்குள் கதையில் ஜேசன் 2005-லேயே உயிரோடு திரும்பி வந்து, ‘ரெட் ஹூட்’ என்ற பெயரில் கையில் துப்பாக்கியோடு சுற்றிக்கொண்டிருந்தான்.